பென்ஸ் கதவின் சத்தமும் இன்னோவா மீட்டரின் எண்ணும்

கேள்வி கேட்டிருப்பவர் கரூரில் பெட்ஷீட், துண்டு ஏற்றுமதி செய்கிறவர். மாதம் நாலு முறை கோவை, ஒரு முறை சென்னை, அவ்வப்போது தூத்துக்குடி துறைமுகம். கையில் 30 லட்சம் இருக்கிறது. 2017 மாடல் பென்ஸ் சி-கிளாஸ் டீசல், 70,000 கிலோமீட்டர் ஓடியது ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும். புது இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் என்றால் கையிலிருப்பது முழுதும் போய், மேலே கொஞ்சம் லோனும் போட வேண்டும். அவர் எழுதியதன் சாரம்: "ஜெர்மன் வண்டியின் கட்டுமானத்துக்குப் பக்கத்தில்கூட டொயோட்டா வர முடியாது என்கிறார்கள். அதே ஆட்களே பென்ஸ் வாங்கினால் செலவு வைக்கும் என்றும் சொல்கிறார்கள். தரமான வண்டி என்றால் ஏன் அண்ணா செலவு வைக்க வேண்டும்?"

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. நான் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறையில் நிற்பவன். முதல் எட்டு வருடம் ஒரு சொகுசு பிராண்டின் டீலர் ஒர்க்‌ஷாப்பில், அதற்கப்புறம் கோவையில் சொந்தப் பட்டறை. இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வாயால் சொல்லும்போது பாதியில் போன் வந்துவிடும், அதனால் ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

தரம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வண்டி எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. பெயின்ட், கதவு இடுக்கு, சீட் தையல், நூற்றிருபதில் போகும்போது உள்ளே கேட்கிற அமைதி எல்லாம் இதில் வரும். ஷோரூமிலேயே தெரிந்துவிடும். ஏழாம் வருடம் ஒரு திங்கட்கிழமை காலை கன்டெய்னர் ஏற்ற அவசரமாகக் கிளம்பும்போது வண்டி சொன்னபடி கேட்குமா என்பது இன்னொன்று. ஷோரூமில் இதற்கு ஒரு துப்பும் கிடைக்காது. தொழிற்சாலையில் இந்த இரண்டையும் செய்வது வெவ்வேறு ஆட்கள், அதற்கு ஒதுக்கும் பணமும் வெவ்வேறு.

எல்லோரும் முதலில் செய்கிற சோதனையையே எடுத்துக்கொள்வோம். கதவைச் சாத்திப் பார்ப்பது. பென்ஸில் 'தொப்' என்று கனமாக ஒரு சத்தம். சின்ன காரில் தகர டப்பா மூடின மாதிரி. டிரிம்மைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். வெளித் தகட்டின் உள்பக்கம் அதிர்வை விழுங்குகிற தார் ஷீட்டுகள் ஒட்டியிருக்கும், ரப்பர் பீடிங் ஒன்றுக்கு இரண்டாக ஓடும், பூட்டின் கொக்கி இரும்பில் இரும்பு மோதாமல் பிளாஸ்டிக் பூச்சோடு வரும். அந்தச் சத்தத்தை எப்படி வரவைப்பது என்று மைக் வைத்து வேலை செய்கிற இன்ஜினியர்களே இருக்கிறார்கள். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு அதே கதவைச் சாத்திப் பாருங்கள், அந்த கம்பீரத்தில் கொஞ்சம் குறைந்துவிடும். கதவுக்குச் செலவு செய்திருக்கிறார்கள் என்பது உண்மை, அதில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் வாட்டர் பம்ப் எத்தனை வருடம் வரும் என்று அந்தக் கதவு நமக்குச் சொல்லாது.

அடுத்த சோதனை பானெட்டை விரல் மடக்கித் தட்டுவது. 'தகரம் கெட்டி' என்பார்கள். பெரும்பாலான கார்களில் வெளித் தகடு ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. விபத்தில் உயிரைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற கூண்டு: நடுத்தூண், கதவுக்குக் கீழே ஓடும் சில், சூடாக்கி அச்சில் அழுத்திய உயர்வலிமை எஃகு. தட்டிப் பார்த்தால் அது கைக்கே வராது. இதற்கும் விலைக்கும்கூட நேர்த் தொடர்பு கிடையாது. 2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியத் தயாரிப்பில் அதுதான் முதல். 2020-ல் மாருதி எஸ்-பிரஸ்ஸோ அதே சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். அதே மாருதியின் டிசையர் 2024-ல் ஐந்து நட்சத்திரம். பேட்ஜ் ஒன்றுதான், கூண்டு வேறு. எஸ்-பிரஸ்ஸோவின் இன்ஜின் தொந்தரவில்லாமல் ஓடும் என்பதும் நிஜம், அந்தக் கூண்டில் குடும்பத்தை ஏற்றமாட்டேன் என்பதும் நிஜம். உறுதியும் உழைப்பும் ஒரே தொட்டியில் பிடிக்கிற தண்ணீர் இல்லை.

'பென்ஸ் மாதிரி உழைக்கும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், டபிள்யூ124 என்கிற பழைய இ-கிளாஸிலிருந்து. 1984-ல் ஜெர்மனியில் வந்த வண்டி. இன்ஜினியர்கள் வரைந்ததைக் கணக்குப் பிரிவு வெட்டாத காலத்து வண்டி என்று எங்கள் தொழிலில் சொல்வோம். ஜெர்மனி முழுக்க டாக்ஸியாக ஓடியது. 1995-ல் புணேயில் மெர்சிடிஸ் பூட்ட ஆரம்பித்த முதல் காரும் அதுதான். கோவையில் மில் முதலாளி வீடுகளில் இன்றைக்கும் ஒன்றிரண்டு ஓடுகின்றன. அதன் டீசல் இன்ஜினில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை, அதனால் கெட்டுப்போகவில்லை.

அதற்குப் பின்னால் வந்ததைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 90-களின் முதல் பாதியில் வந்த மெர்சிடிஸ்களில் ஒயரிங்குக்குச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று ஓர் உறையைப் போட்டார்கள். இன்ஜின் சூட்டில் அது பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. ஒயர் ஒயரைத் தொட்டு கம்ப்யூட்டர் பழுதானது. 1995-ல் வந்த அடுத்த இ-கிளாஸ், இரட்டை உருண்டை ஹெட்லைட் வண்டி, ஐரோப்பாவில் துருவுக்குப் பேர் போனது. வீல் ஆர்ச்சிலும் கதவின் அடியிலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அதே நட்சத்திரம், அதே விலை, அதே கதவுச் சத்தம். பத்து வருட இடைவெளியில் நம்பகம் மட்டும் காணாமல் போயிருந்தது. பேட்ஜைப் பார்த்து நம்பகத்தை எடை போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு வேறு உதாரணமே தேவையில்லை. தலைமுறையைப் பாருங்கள், எந்த மாடல் இன்ஜின் என்று பாருங்கள், அப்புறம் பேட்ஜுக்கு வாருங்கள்.

ஜெர்மன்காரர்கள் அப்படிச் சறுக்குவதற்குக் கொஞ்சம் முன்பே ஜப்பானிலிருந்து ஒருவன் வந்திருந்தான். லெக்சஸ் எல்எஸ் 400. டொயோட்டா 1983-லேயே வேலையைத் தொடங்கி, 1989-ல் அமெரிக்காவில் 35,000 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. பானெட்டின் மேல் ஷாம்பெய்ன் கோப்பைகளைப் பிரமிடாக அடுக்கி, வண்டியை ரோலரில் வேகமாக ஓட்டி, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று காட்டிய விளம்பரம் அதனுடையதுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கடுத்து நடந்தது. விற்பனை தொடங்கி மூன்று மாதத்தில் இரண்டே இரண்டு புகார், ஒன்று ஒயரிங், ஒன்று சூடேறிய பிரேக் லைட். அதற்காக விற்ற 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். ஓனர் வீட்டுக்கே ஆள் போய் வண்டியை எடுத்து, சரிசெய்து கொண்டுவந்து விட்டார்கள், இருபது நாளில் எல்லாம் முடிந்தது. 1996 மாடல் எல்எஸ் 400 ஒன்று அமெரிக்காவில் 2019-ல் பத்து லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 16 லட்சம் கிலோமீட்டர்.

அப்படியானால் கட்டுமானமும் நம்பகமும் ஒரே வண்டியில் சேர்ந்து வரலாம். வரும்போது ஏன் வருகிறது? லெக்சஸ்காரன் புதிய வித்தையைத் தன் வண்டியில் முதலில் போடமாட்டான். கியர்பாக்ஸ், இன்ஜின் எல்லாம் பலமுறை அடிபட்டுத் தேறிய பிறகு அதற்கு மேலே தோலும் மரமும் அமைதியும் சேர்ப்பான். ஜெர்மன்காரனுக்கு எஸ்-கிளாஸும் 7 சீரிஸும் புது வித்தையைக் காட்டுகிற மேடை. இரண்டு பேரும் ஒரே மாதிரி விலை வாங்குகிறார்கள், ஒருவன் அந்தக் காசில் பழசை மெருகேற்றுகிறான், மற்றவன் புதுசைச் சேர்க்கிறான். சேர்க்கச் சேர்க்க, கெட்டுப்போகக்கூடிய இடங்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும்.

ஏர் சஸ்பென்ஷன் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு ஜெர்மன் செடான், பேர் வேண்டாம். ஓனர் காலையில் போன் செய்கிறார்: "வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது." போய்ப் பார்த்தால் முன் இடது பக்கம் வீல் ஆர்ச் டயரின் மேல் படுத்திருக்கிறது, ஊனமான மாடு மண்டியிட்ட மாதிரி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிற காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை வருகிறது, அவ்வளவுதான் பழுது. ஆனால் அது ஒரு மாதமாகவே லேசாகக் கசிந்திருக்கிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரெஸ்ஸர் ராத்திரி பகலாக ஓடி அதுவும் கருகிவிட்டது. அதோடு ரிலேயும் போய்விட்டது. ஒரு ரப்பர் வெடிப்புக்கு மூன்று பாகம் மாற்றினோம், பில் லட்சத்தைத் தாண்டியது. அந்த மனிதர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "சாதா ஸ்பிரிங் போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார். சாதா ஸ்பிரிங் என்றால் அன்றைக்கு அவர் என்னிடம் வந்தே இருக்கமாட்டார். அந்தக் காற்றுப் பை மட்டமான பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். அருமையான பொருள், அதில் போகிற சுகம் ஸ்பிரிங்கில் வராது. ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு, நம் ஊர் வெயிலில் இன்னும் குறைவு.

அடுத்து, மேல்தட்டு பிராண்டு, சாதாரண பிராண்டு என்று நாம் போடுகிற கோட்டை உற்பத்தியாளர்களே எப்போதோ அழித்துவிட்டார்கள். 2020-ல் சென்னை ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் 1.3 டர்போ பெட்ரோல் நினைவிருக்கிறதா? 1,332 சிசி, 156 குதிரைசக்தி. அடுத்த வருடம் இந்தியாவுக்கு வந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் லிமோசினிலும் ஜிஎல்ஏ 200-லும் இருப்பது அதே குடும்பத்து 1,332 சிசி இன்ஜின்தான், 163 குதிரைசக்தி. இரண்டு கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியது. டஸ்டரை மலிவு வண்டி என்று தள்ளியவர்களே ஜிஎல்ஏ-வின் இன்ஜினை ஜெர்மன் நேர்த்தி என்று புகழ்வதைக் கேட்டிருக்கிறேன்.

தலைகீழாகவும் நடக்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஸ்கோடாவிலும் வந்தது, ஃபோக்ஸ்வேகனிலும் வந்தது, ஆடி ஏ3-யிலும் வந்தது. அதில் கியரை மாற்றுகிற மெக்கட்ரானிக் யூனிட்டின் பிரச்சினையால் 2013-ல் சீனாவில் மட்டும் 3.84 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அங்கே அதற்கு வாரண்டியைப் பத்து வருடமாக நீட்டவும் வேண்டியிருந்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் ஊரில் உலர் கிளட்ச் சூடாகும். ஆடிக்காரர் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் தோலும் திரையும் வந்தன, கியர்பாக்ஸ் என்னவோ ஸ்கோடாக்காரரின் கியர்பாக்ஸ்தான். லெக்சஸ் இஎஸ் 300எச் வண்டியும் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிடும் ஒரே அடித்தளம், ஒரே 2.5 லிட்டர் இன்ஜின். இரண்டையும் பூட்டுவது பெங்களூரு பக்கம் பிடதியில். இங்கே பகிர்ந்துகொண்டது நல்ல பாகம் என்பதால் இருவருக்கும் லாபம்.

சென்னையில் பூட்டிய பிஎம்டபிள்யூ ஜெர்மனியில் பூட்டியதைவிட மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து அந்த ஆலை நடக்கிறது. இந்தியாவில் விற்கும் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் இரண்டுக்கும் இன்ஜினைப் பூட்டிச் சோதித்துக் கொடுப்பது யார் தெரியுமா? டிராவலர் வேன் தயாரிக்கிற ஃபோர்ஸ் மோட்டார்ஸ். நான் இறக்கிப் பார்த்த எந்த இன்ஜினிலும் எங்கே பூட்டியது என்பதால் வந்த பழுதைக் கண்டதில்லை. பழுது வரைபடத்திலேயே இருக்கும்.

அதற்கு நல்ல உதாரணம் பிஎம்டபிள்யூவின் என்47 டீசல், 2007-ல் வந்தது. நம் ஊரில் 320டி, 520டி என்று ஏகப்பட்டது ஓடியது. வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்குகிற டைமிங் செயின் தேய்ந்து அறுகிற பிரச்சினை உலகம் முழுக்கத் தெரிந்தது, முக்கியமாக 2011-க்கு முந்தைய வண்டிகளில். செயின் தேய்வது பெரிய குற்றமில்லை, எல்லா செயினும் தேயும். இதில் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்துவிட்டார்கள். காரணங்கள் இருக்கின்றன: பானெட் உயரம் குறையும், நடந்து போகிறவர் மேல் மோதினால் அடி குறையும், அதிர்வும் கட்டுப்படும். வரைகிறவருக்கு எல்லாம் நியாயம்தான். பட்டறையில் என்ன ஆகிறது? முன்பக்கம் செயின் உள்ள இன்ஜினில் ஒரு நாள் வேலை. இதில் இன்ஜினை இறக்கணும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸைக் கழற்றணும். பாகத்தின் விலையை விட லேபர் பல மடங்கு. கேள்வி கேட்டவர் பார்த்திருக்கிற சி-கிளாஸின் 2.1 லிட்டர் டீசலிலும் செயின் பின்பக்கம்தான் என்பதைச் சொல்லி வைக்கிறேன். அந்த இன்ஜின் நல்ல உழைப்பாளி, ஆரம்ப வருடங்களில் இன்ஜெக்டர் தொந்தரவு இருந்தது, 2017-க்குள் அதெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத ஆள் கையில் இருந்த வண்டியாக இருந்தால் பயப்படணும்.

ஆயில் என்றதும் எனக்கு ஒரு கோபம் வரும், அதையும் கொட்டிவிடுகிறேன். ஜெர்மனியில் பதிவாகும் புது கார்களில் பெரும்பங்கு கம்பெனி பேரில் போகிறது. மூன்று வருட லீஸ், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாடிக்கையாளருக்கு முதல் மூன்று வருடச் செலவு குறைவாக இருக்கணும். அதனால்தான் அங்கே 25,000, 30,000 கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் சர்வீஸ், கியர்பாக்ஸுக்கு 'வாழ்நாள் ஆயில்'. யாருடைய வாழ்நாள் என்று எழுதியிருக்காது. பிஎம்டபிள்யூவுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிற இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவனே மாற்று என்கிறான், விற்கிறவன் வேண்டாம் என்கிறான். நாம் வாங்குவது நாலாம் வருடத்திலிருந்து பன்னிரண்டாம் வருடம் வரை ஓட்ட. வண்டி வரையப்பட்டதோ முதல் மூன்று வருடக்காரருக்கு. சொகுசு வண்டி ஏன் செலவு வைக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலில் பாதி இதுதான்.

டொயோட்டாவின் கணக்கு வேறு. அவர்களுடைய லேண்ட் க்ரூஸர் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பதினைந்தாம் வருடமும் ஓடணும், பட்டறையே இல்லாத ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஓடணும். அந்த மனநிலை இன்னோவாவுக்கும் வந்துவிட்டது. என்னிடம் வருகிற ஒரு டிராவல்ஸ்காரரின் பழைய 2.5 டீசல் இன்னோவா ஆறு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. டேஷ்போர்டு கடகடக்கிறது, சீட் துணி மூன்றாவது முறை மாற்றியது, ஏசி துவாரத்தின் இறக்கை ஒன்று கம்மால் ஒட்டியது. கட்டுமான நேர்த்திக்கு மார்க் போட்டால் பாஸ் ஆகாது. அந்த வண்டி இன்று ராத்திரியும் சபரிமலைக்குக் கிளம்பும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஜேடி பவர் வருடா வருடம் மூன்று வருடம் ஓடிய வண்டிகளின் முதல் ஓனர்களிடம், கடந்த 12 மாதத்தில் என்னென்ன பிரச்சினை என்று கேட்டு, 100 வண்டிக்கு இத்தனை என்று எண் போடுகிறது. 2024-ல் லெக்சஸ் 135, எல்லா பிராண்டுக்கும் சேர்ந்த சராசரி 190. 2025-ல் லெக்சஸ் 140, சராசரி 202. இரண்டு வருடமும் முதலிடம் லெக்சஸ்தான். இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். புளூடூத் இணையவில்லை, திரை உறைந்துவிட்டது என்பதும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு பிரச்சினை, எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். சமீப வருடங்களில் அதிகப் புகார் திரை சம்பந்தப்பட்டதே. பெரிய திரை வைத்தவனுக்கு அந்த எண் ஏறும். மேலும், மூன்றே வருட வண்டி அது. எட்டாம் வருடத்தில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் என்ன செய்யும் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

டொயோட்டா சாமியும் இல்லை, ஜெர்மன்காரன் எல்லாம் பாவியும் இல்லை. அமெரிக்காவில் 2024-ல் டொயோட்டா டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் சேர்த்து ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, புது வி6 டர்போ இன்ஜினுக்குள் உற்பத்தியில் கடைந்த உலோகத் துகள் தங்கிவிட்டது என்று. பழைய வி8-ஐ விட்டு டர்போவுக்குப் போன உடனே வந்த வினை. இன்னொரு பக்கம், 2022 கடைசியில் வந்த, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்கிற அமெரிக்க நுகர்வோர் அமைப்பின் நம்பகப் பட்டியலில் டொயோட்டா, லெக்சஸுக்கு அடுத்து மூன்றாமிடம் பிஎம்டபிள்யூ. அதன் இப்போதைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. அதையே வாங்கித் தன் சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரில் போட்டது டொயோட்டா.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். வெயிலைச் சொல்லிவிட்டேன். ரப்பர் புஷ், கூலன்ட் டேங்க், பிளாஸ்டிக் பைப் எல்லாம் ஐரோப்பாவை விடச் சீக்கிரம் போகும். அடுத்தது குழி. நிறைய பிஎம்டபிள்யூவில் ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃபிளாட் டயர். பஞ்சரானாலும் 80 வேகத்தில் 80 கிலோமீட்டர் போகலாம். ஆனால் பக்கச்சுவர் கெட்டி என்பதால் குழியில் இறங்கினால் அடி நேரே ரிம்முக்கும் புஷ்ஷுக்கும் போகும். மூன்றாவது வெள்ளம், இதில்தான் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் மூழ்கிய சொகுசு வண்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? கழுவி, காயவைத்து, உள்மாவட்டங்களில் விற்கப்பட்டவை உண்டு. சின்ன காரில் தண்ணீர் புகுந்தால் கார்பெட்டை எடுத்துக் காயவைத்து ஓட்டலாம். சொகுசு வண்டியில் கார்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும்தான் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் இருக்கும். ஆறு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் ஒவ்வொன்றாகப் பச்சைத்துரு பிடிக்கும். ஒரு நாள் கண்ணாடி ஏறாது, மறுநாள் ஏர்பேக் லைட் எரியும். ஸ்கேனரில் நாற்பது எரர் கோடு வரும், எதை நம்புவது என்றே தெரியாது.

இனி உங்கள் இரண்டு வண்டி. ஹைகிராஸ் பழைய இன்னோவா மாதிரி சேஸிஸ் வண்டி கிடையாது, முன்சக்கர இயக்கம், உள்ளே பிளாஸ்டிக் சுமார்தான், பென்ஸிலிருந்து இறங்கி அதில் ஏறினால் மனசு கொஞ்சம் வாடும். ஆனால் அதன் ஹைப்ரிட் அமைப்பில் கிளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, டர்போவும் இல்லை. 1997-ல் முதல் பிரியஸிலிருந்து அவர்கள் திருத்தித் திருத்தி வைத்திருக்கிற சங்கதி. ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அந்த பேட்டரி காற்றிழுக்கும் வலையில் தூசு அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீங்கள் மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர், சரக்கு கப்பலுக்குப் போகணும், கரூரில் பென்ஸுக்கு ஆள் கிடையாது, பழுதானால் கோவைக்கோ திருச்சிக்கோ டோ செய்யணும். வீட்டில் இது ஒன்றுதான் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹைகிராஸை எடுங்கள்.

வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் பென்ஸை நான் தடுக்கமாட்டேன். 2017 மாடல் வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும், பாகங்களுக்கு மட்டும் புது வண்டியின் விலைதான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை இது, தீனிக்கு ஐந்து லட்சத்தைத் தனியாக பேங்கில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் யானையை அவிழ்த்து வாருங்கள். அந்தக் கணக்கு ஒத்துவந்தால் நெடுஞ்சாலையில் அது தருகிற நிதானத்தை ஹைகிராஸ் தராது.

பார்க்கப் போகும்போது முதலில் ஆர்.சி.யைக் கேளுங்கள். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை போட்டதால் அந்தப் பக்கத்து வண்டிகள் மலிவாக இங்கே வந்திருக்கின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் என்ஓசி, மறுபதிவு, ரோடு டாக்ஸ் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியை டீலரிடமிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். தேதியை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் இடையில் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள், மீட்டரைத் திருப்பி வைத்திருந்தாலும் அங்கேயே பிடிபடும். சஸ்பென்ஷன் பெரும்பாலும் சாதா ஸ்பிரிங்காகத்தான் இருக்கும், உறுதி செய்துகொள்ளுங்கள், அது உங்களுக்கு நல்லது. நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மூழ்கிய வண்டியில் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு ஒன்று இருக்கும், வண்டியைக் கழுவுகிறவன் எல்லாவற்றையும் கழுவுவான், அதை மட்டும் மறந்துவிடுவான். டிக்கி பாயைத் தூக்கி அடிக்குழியில் விரல் விட்டுப் பாருங்கள், சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள்.

போவதை மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தேய்ந்த செயின் குளிர்ந்த இன்ஜினில் முதல் சில விநாடிதான் சத்தம் போடும், ஆயில் ஏறிவிட்டால் அடங்கிவிடும். போனதும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, "நாளைக்கு வரேங்க" என்று திரும்பி வந்துவிடுங்கள்.